காக்காக்கடி

புரட்டாசி, செவ்வாய் இரவு.

எச்சில் என்று முகம் சுளிக்க நிலாவுக்கு யார் கற்றுக்கொடுத்தது? எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதாகியும் அவளுக்குப் பள்ளிக்கூடம் வீடுதான், டீச்சர் நான்தான்.

மாலையில் எதிர்வீட்டு ஜென்சி கடலைமிட்டாயைச் சீருடைப் பாவாடைக்குள் மடித்துக் கடித்து, பாதியை நீட்டினாள். பிள்ளையார்பாளையம் முழுக்க நிலாவுக்கு இருக்கும் ஒரே தோழி.

"ச்சீ, எச்சில்!"

"துணிக்குள்ள வெச்சுத்தான்பா கடிச்சேன், காக்காக்கடி! இதுகூடத் தெரியாதா உனுக்கு? எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்படித்தான் துன்னுவோம்."

நிலாவின் அப்பாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, ஸ்கூலுக்கு அனுப்பிருந்தா இந்தச் சுத்தம் வருமா?" என்றார். ஜென்சி அப்போதும் வாசலில்தான் நின்றிருந்தாள். சுத்தமாம்.

புதன். நிலா தானே ஒரு மிட்டாயைப் பாவாடைக்குள் வைத்துக் கடித்து, பாதியை ஜென்சியிடம் நீட்டினாள்.

"வேணாம்பா. உங்க வீட்ல எதுவும் வாங்கித் துன்னக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க."