காற்றறை வாசலில் மஞ்சள் எறும்பு

பிறை நிலையம், நிலவு. நாள் 41, காலை 6.10

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: இன்று காலை என் உப்புமாவில் எறும்பு ஒன்று இயற்கை எய்தியது. அன்னாரின் உடல் கரண்டியால் மீட்கப்பட்டு, குப்பைக் குழாயில் நல்லடக்கம் செய்யப்பட்டது. கொடி இருந்திருந்தால் அரைக்கம்பத்தில் பறந்திருக்கும். இங்கே கொடியும் இல்லை, பறக்கக் காற்றும் இல்லை.

எழுதுபவன் செந்தூரன், வயது பதினாறு. நிலையத்தில் மூன்றே பேர். அக்கா மீனலோசனி பொறியாளர், தலைவியும் அவளே. சித்தப்பா பொன்னுத்துரைக்குச் சமையலும் தோட்டமும். எனக்குப் பதிவேடு. வேறு எதையும் நம்பி என் கையில் தர மாட்டார்கள் என்று பொருள். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத பதிவேடு இது. எதிர்காலத்தில் இதைக் கண்டெடுப்பவரே, வணக்கம்.

எறும்பு வந்த வழி: போன சரக்குக் கப்பலில் இறங்கிய கறிவேப்பிலைத் தொட்டி. மற்றபடி எல்லாம் சீர்.

நாள் 43, பகல் 1.30

இனி இரங்கல் கிடையாது. போர்தான்.

தலையணையில் எறும்பு. பல்துலக்கும் பிரஷில் எறும்பு. நேற்று தூங்கும்போது காதுக்குள் ஒன்று குடித்தனம் பார்க்க வந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம். கல் தேய்கிறதோ இல்லையோ, என் பொறுமை தேய்ந்துவிட்டது.

எதிரி யார்? கட்டெறும்பு அல்ல, அது கடித்தால் நான் போடும் சத்தம் பூமிக்கே கேட்டிருக்கும். குடுகுடுவென்று ஓடும் பிள்ளையார் எறும்பும் அல்ல. அது கடிக்காது, அதைக் கொல்லச் சித்தப்பா விடவும் மாட்டார். சிவப்புச் சுள்ளெறும்பும் இல்லை. இவை மஞ்சள். எள்ளில் பாதி அளவு. வெளிச்சத்தில் பார்த்தால் உடம்பு கண்ணாடி போலத் தெரிகிறது.

பூமியைக் கேட்டேன். பதில்: "பிறை நிலையம், எறும்பின் தெளிவான படத்தை ஆறு கோணங்களில் அனுப்பவும். வல்லுநர் குழு கூடிப் பரிசீலிக்கும்."

ஆறு கோணமாம். எறும்புக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா?

பின்குறிப்பு: சமையலறையில் கடலை மிட்டாய் டப்பா பாதி காலி. அறைக்கு அறை பேசும் ஒலிபெருக்கியில் பெரிய ரகளை.

அக்கா: "சித்தப்பா, சக்கர முந்நூறத் தாண்டி நிக்கி. இதுல மிட்டாய் கேக்குதோ ஒங்களுக்கு?"

சித்தப்பா: "நான் தொடவே இல்ல, ஏட்டி. சத்தியமா எறும்புதான் தின்னிருக்கும்."

நான் சும்மா இருப்பேனா? "எறும்பு தாளப் பிரிச்சா தின்னும், சித்தப்பா?" என்றேன். அக்கா சிரித்தாள். டப்பாவைப் பூட்டினாள். சித்தப்பாவின் காப்பியில் விழும் அரைக் கரண்டிச் சீனியும் இன்றோடு நின்றது.

நாள் 44, காலை 9.00

அக்கா சூரியத் தகடுகளைப் பழுது பார்க்க வண்டியில் கிளம்பிவிட்டாள். மூன்று நாள் வேலை. போகிற வழியில் வானொலியில் ஓர் உபதேசம்: "ஏல, மஞ்ச எறும்புக்கு மருந்து அடிச்சிராத. பயந்து கலைஞ்சு, ஒரு கூட்டம் பத்துக் கூட்டமாப் பிரியும். சீனிப்பாகுல வெண்காரம் கலந்து வை. அதுவே கூட்டுக்குத் தூக்கிட்டுப் போவும். ராணியோட சேத்து கத முடியும். பொறுமையா இரு."

பொறுமை எறும்பின் குணம். என்னுடையது அல்ல.

காலை 9.25

அடித்துவிட்டேன். ஒரு டப்பா மருந்து, முழுசாக. நிலவின் ஈர்ப்பில் துளிகள் சாவகாசமாக இறங்கின. சுவரிலிருந்து எறும்புகளும் அவசரமில்லாமல் உதிர்ந்தன. தனி ஒருவனாக ஒரு படையையே முடித்த செய்தியைப் பூமிக்கும் அனுப்பியாயிற்று. சிலை வைப்பதாக இருந்தால் மூக்கைக் கொஞ்சம் சிறிதாக வையுங்கள்.

நாள் 46, பகல் 2.15

ஐந்து எறும்புச் சாரை. சமையலறையில், குளியலறையில், மருந்துப் பெட்டியில், என் கட்டிலடியில், வெளியே போய்வரும் காற்றறை வாசலில். முன்பு ஒன்றுதான் இருந்தது.

அக்கா சொன்னதே நடந்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆத்திரம். எறும்பு கடித்தால் தடிப்போடு போகும். அக்கா சொன்னது சரியாகப் போனால் வருஷக்கணக்காக அரிக்கும்.

நாள் 47, மாலை 4.20

அக்கா திரும்பிவிட்டாள். வெளியே நிற்கிறாள். காற்றறைக் கதவு திறக்கவில்லை.

"ஏல செந்தூரா, பச்ச வெளக்கு எரியல. உள்ள பாரு."

உள்ளேயும் எரியவில்லை. சரக்கு வாசல் போன மாதமே பழுதாகிப் பூட்டிக் கிடக்கிறது. வண்டியில் காற்று தீர்ந்துவிட்டது. அவள் உடுப்பில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கு.

பூமி: "பிறை நிலையம், பதற வேண்டாம். நிலையத்தின் பொறியாளரை அணுகவும்."

அந்தப் பொறியாளர்தானடா கதவுக்கு வெளியே நிற்கிறாள், அறிவுக்கொழுந்துகளே!

4.45

கதவின் மின்பெட்டியைத் திறந்தேன். தொடுமுனைகளுக்கு நடுவே மஞ்சள் பொடி. பொடி இல்லை, செத்த எறும்பு. அடை அடையாக. ஒன்று ஷாக்கடித்துச் சாகிறது, அந்த வாடைக்குப் பத்து வருகிறது, பத்தும் சாகிறது. என்ன பிறவிகள் இவை! வழிக்கிறேன். நிரம்புகிறது. வழிக்கிறேன். கையெல்லாம் கடி.

வானொலியில் அக்கா: "செந்தூரா, அழுதியால?"

இல்லை என்றேன். வியர்வை.

5.02

பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. தோட்டத்திலிருந்து ஒலிபெருக்கியில் சித்தப்பா: "பின்னால என்னமும் இருக்கால? எதுக்கு அங்கயே மொய்க்கி?" தெரியாது என்றேன். நான் வாரேன் என்றார். வேண்டாம், வேண்டாம், கறிவேப்பிலைத் தொட்டியைப் பாருங்கள் என்றேன்.

அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். காற்றை மிச்சம் பிடிக்கிறாள்.

கை உள்ளே போகவில்லை. ஆணியைக் கழற்றினேன். பெட்டியையே பெயர்த்து

5.11

பச்சை. பச்சை. பச்சை.

இரவு 7.30

அக்கா படுத்திருக்கிறாள். மூச்சு சீர். பூமியிலிருந்து பாராட்டு: "செந்தூரனின் துணிச்சலும் சமயோசிதமும் அனைத்து நிலையங்களுக்கும் முன்மாதிரி." இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருந்தேன்.

இப்போதுதான் ஒலிபெருக்கியில் சித்தப்பா கூப்பிட்டார். "ஏல மக்கா, சாப்பிட வா. ஒனக்குன்னு பாயாசம் வச்சிருக்கேன். நான் ஒரு சொட்டு தொடல. அக்காகிட்ட நீயே சொல்லிரு, என்ன?"

கண்டெடுப்பவரே, இதை அழிக்க முடியாது என்று தொடக்கத்திலேயே சொன்னேன் அல்லவா? அழித்துப் பார்த்தேன். முடியவில்லை. ஆகவே.

மின்பெட்டியின் பின்புறம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே வைத்தால் கடலை மிட்டாய் பல்லை உடைக்காது, இளகி இருக்கும். ஒளித்தது இருபது, இருபத்தைந்து இருக்கலாம். இன்று பெட்டியைப் பெயர்த்து அள்ளி எறிந்தது அவற்றைத்தான். எறும்பு ஒழிப்பில் நான் பூஜ்யம். மிட்டாய் ஒளிப்பில்தான் சூரன். தாளைப் பிரித்ததும் நான்தான், சித்தப்பா.

இதை எழுதும்போது ஒரு மஞ்சள் எறும்பு என் உதட்டோரம் ஏறுகிறது. தட்டிவிடவில்லை. இந்த நிலையத்தில் உண்மை தெரிந்தது இதற்கு மட்டும்தான். நான் சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை, அது இருக்கட்டும்.