எனக்குத் தெரிந்த மூன்று வாக்கியங்கள்

மார்ச் 2, திங்கள்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். உட்கார்ந்தால் யோசனைதான் வருகிறது.

காலையில் புது மானேஜர் பாய்லர் ரூமுக்கு வந்தார். மணிக்கொரு தடவை நாங்கள் டிக் போட்டுவரும் புத்தகத்தைப் புரட்டினார். "இனிமே டிக் வேணாம். முழு வாக்கியமா எழுதணும், இங்கிலீஷ்ல. ஹெட் ஆபீஸ்ல படிப்பாங்க. ஷிப்ட் மாறும்போது நின்னு கதை பேசுறதும் வேணாம், சொல்ல வேண்டியத புத்தகத்துல எழுதிட்டுக் கிளம்புங்க. எழுத வராதவங்களுக்கு குடோன்ல இடம் இருக்கு."

சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இருபத்திரண்டு வருஷம். அந்த பாய்லர் இருமினால் எந்தக் குழாயில் சளி என்று சொல்வேன். இங்கிலீஷில் என் பெயரைத் தாண்டி ஒரு வரி எழுதியதில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் டைப் அடிக்கிற பெண்டாட்டியிடம் போய் இதை எப்படிச் சொல்ல?

மார்ச் 4, புதன்

மச்சான் வழி கண்டுபிடித்துவிட்டான். பெண்டாட்டியின் தம்பி, என் ஷிப்ட் முடிந்ததும் ரெண்டு மணிக்கு அவன்தான் வருவான். நேற்றே டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு அட்டையில் மூன்று வாக்கியம் எழுதி வாங்கி வந்தான். வாட்டர் லெவல் இஸ் நார்மல். ஸ்டீம் பிரஷர் இஸ் நார்மல். தேர் இஸ் நோ பிராப்ளம்.

"படம் வரையற மாதிரி பாத்து வரைஞ்சிடுங்க மாமா. எவன் கேக்கப் போறான்?"

எட்டு மணி நேரம், இருபத்து நாலு வாக்கியம். மானேஜர் பார்த்துத் தலையாட்டினார். அப்பாடா.

மார்ச் 7, சனி

சட்டை துவைக்கும்போது அட்டை அவள் கையில் சிக்கிவிட்டது. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுல எல்லாமே நல்லாத்தானே இருக்கு. நல்லா இல்லன்னா என்ன எழுதுவீங்க?" என்றாள்.

"என் பாய்லர் நல்லா இல்லாம போகாது" என்றேன். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

பாடம். சமையலறை மேஜையில், வெங்காயத் தோலுக்கு நடுவில்.

அவள் சொன்னது: நம் பேச்சில் வினை கடைசியில் வரும், அதுவரை இழுத்துக்கொண்டே போகலாம், செய்தவனைச் சொல்லாமலும் விட்டுவிடலாம். அங்கே அப்படி இல்லை. "முதல்ல யாரு. உடனே என்ன பண்ணாங்க. அப்புறம் எத. முடிஞ்சுது."

கதவைத் திறந்தேன் என்று எழுதச் சொன்னாள். ஐ டோர் ஓபன் என்று எழுதினேன். "கதவு வந்து உங்க மேலயே இடிச்சுக்கிச்சு" என்றாள். கோபம் வந்தது. நாலு தடவை தப்பு. ஐந்தாவது தடவைதான் மண்டையில் ஏறியது: பாய்லர் பற்றவைக்கிற மாதிரி. முதலில் தண்ணீர், பிறகு தீ, பிறகு நீராவி. வரிசையை மாற்றினால் ஆள் காலி. இப்படி யாராவது முப்பது வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

ஐ செக் த வாட்டர். சொந்தமாக எழுதினேன். சந்தோஷம் ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒரு பயம்.

"எல்லா வாக்கியத்துலயும் நான் முன்னாடி போய் நிக்கணுமா?"

"செஞ்சது நீங்கன்னா வேற யாரு நிப்பாங்க?"

மார்ச் 10, செவ்வாய்

புத்தகத்தில் ஐ என்று எழுதப் போனேன், முடியவில்லை. பேசாமல் அட்டையையே பார்த்து எழுதினேன்.

மார்ச் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவது ஒரு கண்ணாடிக் குழாய். கிளாஸ் என்போம். அது இறங்கினால் பம்ப்பைப் போடுவோம். ரெண்டு கிளாஸ் இருக்க வேண்டும். ஒன்று உடைந்து ஒரு மாதமாக மூடிக் கிடக்கிறது. மத்தியானம் ஒரு மணிக்குப் பார்த்தேன், மிச்சமிருந்த கிளாஸில் தண்ணீர் பாதியில் நிற்கிறது. ஆனால் ஆடவே இல்லை. ஓடுகிற பாய்லரில் அது லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். கிளாஸை அடியில் திறந்து தண்ணீரை வெளியே விட்டு மூடினேன். சட்டென்று திரும்பி ஏற வேண்டும். சோம்பேறி மாதிரி மெதுவாக ஏறியது. அதற்குப் போகிற வழியில் அடைப்பு பிடிக்கிறது; இனி அது காட்டுகிற அளவை நம்ப முடியாது.

இதை எப்படி எழுதுவது? கிளாஸ்... மெதுவா... வார்த்தை வரவில்லை. மச்சான் வந்ததும் வாயால் சொல்லிவிடலாம் என்று, வாட்டர் லெவல் இஸ் நார்மல் என்று வரைந்துவிட்டேன்.

ரெண்டு மணிக்கு மச்சான் வந்தான், கூடவே மானேஜர். "எழுதியாச்சா? அப்ப கிளம்புங்க." வாயைத் திறந்தால் நான் இப்போதுதான் எழுதியது பொய் என்று ஆகிவிடும். குடோன் கண்ணில் வந்து நின்றது. கிளம்பிவிட்டேன். ஐயோ, கிளம்பிட்டேனே!

வீட்டில் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லவும் வழியில்லை, எல்லார் போனும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்றரைக்குத் திரும்ப பஸ் பிடித்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் செத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாயம் போடுகிற இடத்தில் எண்பது பேர்.

உள்ளே ஓடினேன். மச்சான் அப்போதுதான் கிளாஸைத் திறந்து மூடியிருக்கிறான், தண்ணீர் திரும்பவே இல்லை; பாய்லருக்குள் வற்றிவிட்டது. முகம் வெளுத்து, பம்ப் சுவிட்சில் கை வைத்திருந்தான். காய்ந்து பழுத்த குழாயில் பச்சைத்தண்ணீர் பட்டால் கட்டிடமே இருக்காது.

"போடாதடா! கைய எடு! பர்னர அணை!"

அணைத்தான். எல்லாரையும் வெளியே துரத்தினோம். ரெண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்தோம். அவன் பல் கிட்டித்துப் போயிருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது மாமா?" என்று கேட்டான். பையை இங்கேயே விட்டுவிட்டேன், எடுக்க வந்தேன் என்று பொய் சொன்னேன்.

மார்ச் 13, வெள்ளி

நாலு குழாய் வளைந்திருக்கிறது. ஹெட் ஆபீஸ்காரர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரெண்டு மணிவரை எல்லாம் நார்மல் என்று என் கையெழுத்து. மூன்றுக்கும் நாலுக்கும் நார்மல் என்று அவன் கையெழுத்து. நான் எழுதியதைப் பார்த்து எழுதியது.

மானேஜர் சொன்னார், "உங்க ஷிப்ட் கிளீனா இருக்கு. நல்லவேளை நீங்க வந்தீங்க. நடந்தத மட்டும் எழுதிக் குடுங்க. அந்த ஆள வெச்சுக்க முடியாது."

எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கழிப்பறைக்குப் போய் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 14, சனி

மச்சானின் குழந்தைக்கு ரெண்டு மாதம் ஆகிறது. என் மகன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். ரெண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் நான் போவேன். எழுதாவிட்டால் அவன் போவான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

தெரியாதா? எனக்குத் தெரியுமே.

மார்ச் 15, ஞாயிறு

"குடுங்க, நானே நல்ல இங்கிலீஷ்ல எழுதித் தரேன்" என்று அவள் உட்கார்ந்தாள். தம்பியைக் காப்பாற்ற ஏதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு மணிக்குப் பார்த்தது, வரைந்தது, வாயைத் திறக்காமல் கிளம்பியது, எல்லாம்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "என் தம்பி அங்க நின்னுட்டு இருந்தான்" என்றாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானே எழுதினேன். ஐ சா த கிளாஸ். ஐ நியூ த பிராப்ளம். ஐ ரோட் நார்மல். ஐ டிட் நாட் டெல் ஹிம். நாலு வரிக்கு மூன்று மணி நேரம், அவளுடைய பழைய அகராதி, அரை நோட்டு. தப்பு இருக்கிறதா என்று கேட்கலாம் என்று கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கொடுத்துவிட்டேன். மானேஜர் ரெண்டு தடவை படித்தார். "இத குடுக்காம இருந்திருக்கலாமே" என்றார்.

மார்ச் 19, வியாழன்

குடோன். பாய்லர் ரூம் வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. என் பாய்லர் லைசென்ஸ் பற்றிப் பிறகு சொல்வார்களாம். மச்சானை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்தால் அவன் வேறு வழியில் போகிறான். போகட்டும், எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்று மணி இருக்கும். துணிக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். குடோன் வாசலில் மச்சான் நின்றான். மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசாதவன்.

"பம்ப் சத்தம் ஒரு மாதிரி இருக்கு. வந்து கேளுங்க."

"எனக்கு அங்க வர உத்தரவு இல்லடா."

"தெரியும். வாங்க."

போனேன். வாசலைத் தாண்டினேன். பாய்லர் பழுது பார்த்து ஓடத் தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது. பம்ப்பின் முதுகில் கை வைத்தேன். பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பேர் பம்ப்புக்கு மாற்றினோம். ரெண்டு கிளாஸிலும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது, ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு புத்தகத்தைத் திறந்து எழுத உட்கார்ந்தான். அட்டை எதுவும் இல்லை. பேனாவைக் கடித்துக் கடித்து எழுதினான். எட்டிப் பார்த்தேன். ஐ ஹியர் பேட் சவுண்ட். ஐ கால் மாமா. மாமா கேம்.

"அடப்பாவி, என்னை எதுக்குடா எழுதுற? படிச்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

"பயமாத்தான் இருக்கு மாமா" என்றான். எழுதியதை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு மூடிவிட்டான்.

நாளைக் காலை மானேஜர் படிப்பார்.  வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சொன்னேன், உன் தம்பி என்னை மாமான்னு கூப்பிட்டான் என்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.