மூன்று மாதச் சம்பள ஸ்லிப்

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு செங்குன்றம் பக்கம் ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். அங்கே நின்ற பெண் ஒரு வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து, "உக்காந்து பாருங்க சார்" என்றாள். உட்கார்ந்தேன். சீட்டின் மேல் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தது. புது வண்டிக்கென்று ஒரு வாசனை உண்டே, அது மூக்கில் ஏறியதும் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன். "இன்னாப்பா, புடிக்கலியா?" என்றாள் மகள். தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து சாலையோரம் நின்றேன். அது உன் வண்டியின் வாசனைடா.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் அந்த ரோலிங் மில்லில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறோம். ஒரே தெரு, ஒரே ரயில், ஒரே ஷிப்ட். அப்படியிருந்தும் இந்த நான்கு வருடத்தில் மனசுக்குள் கூட உன்னிடம் பேசப் பயந்து ஒதுங்கியே இருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ தங்கச்சி என்று கூப்பிடுவாயே, என் வீட்டுக்காரி, அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. பைக்கில் பின்னால் உட்கார முடியவில்லை. நம் ஊர்ச் சாலைதான் உனக்குத் தெரியுமே, இரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் போட்ட பள்ளத்துக்கெல்லாம் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மகள் திருவள்ளூரில் நர்சிங் இரண்டாவது வருடம். அவளுடைய மீதிப் படிப்புக்காகத் தபால் ஆபீசில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதை எடுத்து முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு ஐந்து வருடத் தவணையில் ஒரு கார் வாங்குவதா, சேர்த்ததை அப்படியே விட்டுவிட்டு அவசரத்துக்கு வாடகை வண்டி பிடிப்பதா என்பதுதான் வீட்டில் பேச்சு. மகள் வாங்கச் சொல்கிறாள். "நான் வேலைக்குப் போயி டியூ கட்டுறேம்பா" என்கிறாள். இன்னும் படித்தே முடிக்கவில்லை, அதற்குள் டியூ கட்டக் கிளம்பிவிட்டாள். வலிக்கிறவள் மனைவிதான், கேட்கத் தயங்குகிறவளும் அவள்தான்.

பத்து நாளாக இதையே மென்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் லோன் ஏற்பாடு செய்கிறவர் போன் செய்தார். "சார், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், இந்த மூணு மாச ஸ்லிப்ப மட்டும் அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். "லைன்ல கீறீங்களா சார்?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

நம் மில்லில் அந்த மூன்று மாதம் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டதும் கட்டட வேலைகள் சூடு பிடிக்கும். கம்பிக்குக் கிராக்கி ஏறும். தையிலிருந்து பங்குனி வரை டபுள் மேல் டபுள் ஷிப்ட் ஓடும். ஓவர்டைம் பணம் சம்பளத்தைவிடக் கூட நிற்கும். ஆடி பிறந்தால் புதிதாக யாரும் வீடு தொடங்க மாட்டார்கள், கம்பி கட்டுக்கட்டாக யார்டிலேயே கிடக்கும். அதற்குப் பின்னால் மழை வந்துவிடும். கார்த்திகை மாதத்து ஸ்லிப்பையும் மாசி மாதத்து ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆளுடையது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் மில்லில் எல்லோரும் ஏப்ரலில் லோன் போடுவார்கள். பைக் லோனும் அப்போதுதான், வீட்டு லோனும் அப்போதுதான். அது ஏமாற்று என்று நம்மில் யாரும் நினைத்ததே இல்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வதுபோலத்தான்.

உனக்குக் கார் ஆசை எப்படி வந்தது என்பது எனக்கு மறக்காது. உன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று நீயும் நானும் பெரிய தெருவுக்கு ஓடினோம். நம் அப்பாக்கள் இரண்டு பேரும் நாற்று நட்ட நிலத்துக்காரர் வீடு அது. வாசலில் கார் நின்றது. "பேட்டரி எறங்கிப் போச்சுப்பா" என்றார் அவர். ஷேர் ஆட்டோவில் அவளைச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனோம். மறுநாள் காலை பையன் பிறந்த சேதியோடு திரும்பி வரும்போது அந்தக் கார் நமக்கு எதிரே வந்து தாண்டிப் போனது. ரொம்ப தூரம் நடந்த பிறகு, "இன்னைக்கு பேட்டரி ஏறிடுச்சு போல" என்றாய். அன்றைக்கு நீ அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் பத்து வருடம் கழித்து நீயும் இதே யோசனையில்தான் இருந்தாய். உன் மனைவி சேர்த்து வைப்போம் என்றாள். வீட்டுக்கு மேலே கூரை ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. நீ ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நாஷ்டாவை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என்னையே பார்த்தாய்.

"நீ சொல்லுடா. லோன் போடட்டுமா, டப்பு சேக்கட்டுமா?"

அப்போது தை மாதம். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மார்ச் வரைக்கும் இரு. மூணு ஸ்லிப்பும் கொழுத்து வரும். அத்த வெச்சிப் போடு, கண்ண மூடிக்கினு குடுப்பான்" என்றேன். "அப்பறம் ஓ.டி. கொறஞ்சா?" என்று நீ கேட்டாய். ஆமாம், கேட்டாய். "நம்ம மில்லு இன்னைக்கா ஓடுது? பயந்துக்கினே இருந்தா பைக்லயே கெட" என்று நான் சிரித்தேன். டைம் ஆபீசுக்குப் போய் உன் ஸ்லிப்புகளை வாங்கியவனும் நான்தான். அடுக்கி, பின் அடித்து, கவரில் போட்டு உன் கையில் கொடுத்தேன். எனக்கு அதில் பெருமை. நம் தெருவுக்குள் முதல் கார் வரப்போகிறதே.

சித்திரையில் வந்தது. சந்து குறுகலாக இருந்ததால் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பிள்ளைகளெல்லாம் வண்டியைச் சுற்றி ஓடின. நீ சீட்டு உறையைப் பிரிக்க விடவில்லை. வெயிலில் அது முதுகில் ஒட்டிக்கொண்டு பேஜார் பண்ணியது. பழவேற்காட்டுக்கு இரண்டு குடும்பமும் போனோமே, வழியெல்லாம் மாட்டு வண்டிகூட நம்மைத் தாண்டிப் போயிருக்கும், அப்படி ஓட்டினாய். "நைனா, கொஞ்சம் பெடலை மிதி" என்றேன். "இது என்னோட வண்டிடா, உனக்கு இன்னா அவசரம்?" என்றாய். உன் மனைவி சிரித்த சிரிப்பு ரோட்டுக்கே கேட்டது.

ஆடி வந்தது. ஓ.டி. நின்றது. டியூ நிற்கவில்லை.

வண்டிக்கு உறை போட்டு மூடினாய். பெட்ரோல் செலவு என்று நீ ரயிலிலேயே வந்தாய். மெயின்டனன்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர்தான் வேண்டும், ஓ.டி. கிடைப்பது அதற்கு மட்டும்தான். முறை வருகிறவர்களிடமெல்லாம் போய்க் கேட்டு அந்த முறையை நீ வாங்கிக்கொண்டாய். என்னுடையதையும் வாங்கினாய். "காரு ஊட்ல ரெஸ்ட் எடுக்குது, ஓனரு டபுள் அடிக்கிறான்" என்று மற்றவர்கள் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். உன் முகம் கறுத்து ஒடுங்கிப்போனதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். ஓ.டி. திரும்பி வந்தால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

புரட்டாசியில் நெஞ்சு எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தாய். "கேஸ்டா, வேற ஒண்ணுமில்ல" என்று கோலி சோடா குடித்து ஏப்பம் விடுவாய். டாக்டரிடம் போகச் சொன்னேன். "போனா அட்மிட் பண்ணுவான், ரெண்டு நாளு போயிடும். தீபாவளி முடியட்டும்" என்றாய். நான் வற்புறுத்தவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஞாயிறு டபுள் முடித்துவிட்டு வந்த நீ, திங்கட்கிழமை காலை வாசலில் பல் துலக்கும்போதே உட்கார்ந்துவிட்டாய். உன் மனைவியின் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உறையை உருவி எறிந்துவிட்டு உன் காரை நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் அவள் மடியில் உன் தலை. அசையும்போதெல்லாம் அந்தப் பாலித்தீன் சரசரத்தது. சட்டையெல்லாம் வேர்வை உனக்கு. சாலையில் ஒரு மேட்டின் மேல் நான் வேகமாக ஏற்றிவிட்டேன். வண்டி தூக்கிப் போட்டது. "மெதுவா போடா... அடி வாங்கும்" என்றாய்.

அதுதான் நீ கடைசியாகப் பேசியது. பொன்னேரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது.

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அந்த நேரத்திலும் வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றிக் கவலைப்பட்டாயே. தை பிறந்ததும் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். உன் மனைவி சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்தாள். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். விடிந்ததும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். தினமும் என்னைப் பார்த்து, "கெளம்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தலை குனிந்துவிடும். அந்த ஸ்லிப்புகளை யார் அடுக்கிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

ஷோரூமிலிருந்து வந்த மறுநாள், அந்த லோன்காரருக்கு நான் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஸ்லிப்புகளை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "இன்னா சார், மாத்தி அனுப்பிட்டீங்க? இந்தச் சம்பளத்துக்கு லோன் ஏறாது."

"அதுதாங்க என் சம்பளம். மத்தது ஓ.டி." என்றேன்.

"எல்லாரும் ஓ.டி. மாசத்ததானே சார் குடுக்கறாங்க?"

"ஆமா, எல்லாரும் அப்படித்தான் குடுக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கார் வாங்கப் போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். மகள் முகம் வாடியது. மனைவியிடம், இனிமேல் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனாலும் வாடகை வண்டிதான், பைக்கில் அவளை உட்காரவைக்க மாட்டேன் என்றேன். அவள் தலையாட்டினாள். முடிவு எடுத்தாகிவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. எனக்கு மட்டும் புத்தி வந்து நான் தப்பித்துக்கொண்டதுபோல இருந்தது. உன் உயிரைக் கொடுத்து நான் கற்றுக்கொண்டதை உன் மனைவிக்குத் தெரியாமல் வைத்திருப்பது அசிங்கமாக இருந்தது.

நேற்று அவளுக்கு வார லீவு. போனேன். வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் பையன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான், மீசை அரும்பிவிட்டது அவனுக்கு. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். சேர்த்து வைக்கலாமா என்று நீ கேட்டது, ஓ.டி. குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டது, நான் சிரித்தது, மார்ச் வரைக்கும் இருக்கச் சொன்னது, ஸ்லிப்பை அடுக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன்.

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"தெரியும்ண்ணா. வண்டி வந்த அன்னைக்கே அவரு சொல்லிட்டாரு. 'அவன் மட்டும் சொல்லலன்னா நான் ஆயுசுக்கும் வாங்கியிருக்க மாட்டேன்'ன்னு. எத்தினி வாட்டி சொன்னாரு தெரியுமா? தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு நல்ல சட்டை எடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம டபுள் போறப்போ, வேணாம்னு சொன்னேன். 'போறேன்டி, அவனுக்குச் சட்டை எடுக்க வாணாவா?'ன்னு கேட்டுட்டுப் போனாரு."

பிறகு அவள் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நீ என்னைச் சபித்துவிட்டுச் செத்திருந்தால்கூட அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருந்திருக்கும். நீயோ என் மேல் நன்றியோடு போயிருக்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் என்னடா செய்வேன்?