உன் பிக்கப்பும் என் பஸ்ஸும்

மாமா,

இன்று வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பைக்கை நிறுத்திவைத்தே முறுக்கிக்கொண்டிருந்தான். எரிந்தும் எரியாத பெட்ரோல் நாற்றம் மூக்கில் ஏறியது. உன் சட்டையைத் துவைக்கும்போது வரும் அதே நாற்றம். உன் நினைவு வந்தது, கூடவே கோபமும் வந்தது. நீ செத்த பிறகும் உன்மேல் இருக்கிற கோபம் எனக்குக் குறையவே இல்லை.

கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தபோது உன் பைக் ஒழுங்கான வண்டி. ஒரே உதையில் சத்தமில்லாமல் கிளம்பும். உனக்கு அதுதான் அவமானமாக இருந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியே தெரிகிற மாதிரி சிவப்பாக ஒரு கூம்பை மாட்டினாய். காற்று நிறையப் போகுமாம். போனது, உத்திரமேரூர் ரோட்டு மண்ணையும் சேர்த்துக்கொண்டு. கார்பரேட்டரில் பெட்ரோல் போகிற துளையைப் பெரிதாக்கினாய். சைலன்சரை அறுத்து உள்ளே இருந்ததை உருவினாய். தெருவில் தூளியில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் அலறின. "சவுண்டு இன்னா மாதிரி கீது?" என்று என்னிடம் கேட்டாய். பெருமையாம்!

மழைக்காலம் வருவதற்குள் இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. பிளக் கரி பிடித்தது. பாதி நாள் காலையில் வண்டியை நீ தெருமுனை வரை தள்ளிக்கொண்டு ஓடினாய். அதற்குப் பெயர் பிக்கப். உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் தெரிந்த ஒரே வார்த்தை. பிரேக் என்ற வார்த்தையை உங்களில் ஒருவன் வாயிலும் நான் கேட்டதில்லை. ஓடுவதற்கு உள்ளதையெல்லாம் மாற்றினாய். நிற்பதற்குப் பழைய பிரேக்தான்.

அப்புறம் வெயிட்டைக் குறைக்கிறேன் என்று சாரி கார்டு, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட், பிடித்துக்கொள்ளும் கம்பி எல்லாவற்றையும் கழற்றினாய். நான் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன்.

"இன்னா மாமா, நான் எங்க காலு வெக்கிறது?"

"நீ பஸ்ல வந்துடு. இப்ப பாரு, பிக்கப் சும்மா பிச்சிக்கினு போவும்."

நீ குறைத்த வெயிட்டு நானும் பிள்ளையும்தான். உன் மூளைக்கு அது எட்டவே இல்லை.

அன்றைக்கும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ஸில்தான் ஏறினேன். "நான் முன்னாடி போயி டோக்கன் போட்டு வெக்கிறேன், நீ மெதுவா வா" என்று முறுக்கிக்கொண்டு போனாய். திருப்புலிவனத்தில் பாதி ரோட்டுக்கு நெல் காயப்போட்டு, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். அறுப்புக்கு அறுப்பு அங்கே காய்கிற நெல்தான். சைக்கிளில் போகிறவன்கூடப் பார்த்து ஒதுங்குவான். எதிரே லாரி வர, நீ போன வேகத்திலேயே நெல்மேல் ஏறி பிரேக் அடித்திருக்கிறாய். என் பஸ் அங்கே வந்து நின்றது. "எவனோ பைக்குக்காரன் வுயுந்து கெடக்கிறாம்மா" என்றார் கண்டக்டர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்த அறுத்த சைலன்சர்தான்.

உன் கூட்டாளிகள் சாவிலும் விடவில்லை. பாடைக்கு முன்னால் பைக்குகளை வரிசையாக நிறுத்தி முறுக்கினார்கள். மரியாதையாம்! காரியம் முடிவதற்குள் ஒருவன் வந்து, "அண்ணி, அண்ணன் வண்டிய நான் எட்த்துக்கட்டா? செம பிக்கப்பு" என்றான். காயலான் கடைக்காரரை வரவழைத்து, அவன் கண்ணெதிரிலேயே இன்ஜினைச் சம்மட்டியால் உடைக்கச் சொன்னேன். அவன் அழுதான். உனக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

நம் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். உன் அம்மா என்ன சொல்லி வைத்தார்களோ, "எங்கப்பா வண்டிதான் ஊர்லயே ஸ்பீடு" என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்று அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். அந்த வண்டியில் அவளுக்கு இடமில்லாமல் போனதால்தான் அவள் இன்று உயிரோடு இருக்கிறாள் என்பதை, அவள் எந்த வயதுக்கு வந்த பிறகு நான் சொல்வது, மாமா?