எள் வெடித்த சத்தம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எள் விஷயம். போன மாதம் நான் வறுத்து அனுப்பிய கறுப்பு எள்ளுப்பொடி கசக்கிறது என்று நீ போனில் எழுதியிருந்ததாக உன் அண்ணி வாசித்துச் சொன்னாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். ரொட்டிக் கடையில் முப்பத்தொரு வருடம் எள் வறுத்த கை இது, கசக்குமா? மீதிப் பொடியில் ஒரு சிட்டிகை வாயில் போட்டேன், நாக்கு சுருண்டுவிட்டது. உடனே மளிகைக்காரர் மேல் சந்தேகம், வெள்ளை எள்ளுக்குச் சாயம் ஏற்றி விற்கிற ஆசாமி என்று எனக்கு முதலிலிருந்தே ஓர் எண்ணம். வறுக்காமல் மீந்த எள்ளில் ஒரு பிடியை ஈரத்துணியில் தேய்த்தேன், லேசாகக் கறை. விடுவேனா, துணியோடு போய்க் கடையில் நாலு பேர் முன்னால் விரித்தேன். "பெரியவரே, கறுப்பு எள்ளுன்னா கொஞ்சம் கறை விடத்தான் செய்யும், உங்களுக்கா நான் சொல்லித் தரணும்" என்று சிரித்துவிட்டு, புது மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ கட்டித் தந்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தது உன் அண்ணி. நான் வறுத்து வைத்ததை மறுபடி அடுப்பில் ஏற்றிவிடுகிறாளோ என்று சமையலறை வாசலில் நாற்காலி போட்டு இரண்டு நாள் காவல் இருந்தேன். இதை எழுதும்போது சிரிக்கிறாள், எழுதும்மா, உள்ளதைத்தானே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது எள்ளை வறுக்க நின்றேன். வெள்ளை எள் சிவந்தால் கண்ணுக்கே தெரியும், கறுப்பு எள் கருகினாலும் முகம் மாறாது. மூக்குப்பொடி போட்டே என் மூக்கு போய் வெகுகாலம். எனக்குக் காதுதான், சடசடவென்று பொரியத் தொடங்கியதும் பத்து எண்ணி இறக்கிவிடுவேன். கிண்டிக்கொண்டே காத்திருந்தேன், எள் வாயைத் திறக்கவே இல்லை. உன் அண்ணி ஓடிவந்து "மாமா, அது வெடிச்சு ஓஞ்சே போச்சு, இன்னும் எதுக்குக் கிண்டிட்டிருக்கீங்க" என்று காதோரம் கத்தினாள். என்னை ஏய்க்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவளும் விடவில்லை, இன்னொரு பிடியைச் சட்டியில் போட்டு, மூடியால் மூடி, என் கையை இழுத்து மூடிமேல் வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே தூறல் விழுகிற மாதிரி எள் துள்ளித் துள்ளி முட்டியது. காதில் ஒன்றுமே இல்லை.

அதன்பிறகு எள்ளை நினைக்கவில்லை, உன்னைத்தான் நினைத்தேன். நாலு மாதமாகப் போனில் உன் குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. ஏன் மெதுவாகப் பேசுகிறாய் என்றால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாய். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று முறைக்கிறார், அதனால்தான் அடக்கிப் பேசுகிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன், உன்னைக் கூட்டிவர டிக்கெட் எடுக்கச் சொல்லி உன் அண்ணனை அரித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது சொல், குறைந்தது உன் குரலா, என் காதா? போனில் சொல்லாதே, பேனா பிடித்து எழுது. எட்டாம் வகுப்பில் இல்லாத காய்ச்சலுக்கு லீவு லெட்டர் எழுதினாயே, அன்றைக்கு உன் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் சாய்வு எனக்குத் தெரியும். குறைந்தது என் காதுதான் என்றால் இரண்டு காதும் போகட்டும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இத்துடன் புதுப் பொடி வருகிறது, மூடிமேல் கை வைத்து வறுத்தது, ஈரக் கரண்டி போடாதே. நீ நீண்ட காலம் நன்றாயிரு. உன் எழுத்து நேராக இருந்தால் மாப்பிள்ளைக்கும் இதே ஆசீர்வாதம். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னேன், சத்தமாகத்தான் படித்தாளாம்.

இப்படிக்கு, கட்டைவிரல் ரேகை வைக்கும்
உன் அப்பா