ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள்

ஜூலை 14, திங்கள்
விடாத மழை. சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் முக்கால் மணி நேரம் லேட். என் பூஸ்ட் கன்வர்ட்டர் போர்டுக்கு முதல் சோதனை. 12 வோல்ட்டை 24 ஆக்குகிறது, சூடாகவில்லை. ஆனால் வெளியீட்டில் நடுக்கம், அதுதான் ரிப்பிள், 180 மில்லிவோல்ட். 50-ஐத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை ரிவ்யூ. தேறாவிட்டால் ப்ராஜெக்ட் வேறு ஆளுக்கு.

அளந்தவன் டெஸ்டிங் நிகில். மேனேஜர் காதில் விழும்படி என்னிடம், "மேடம், யே தோ பூரா கச்ரா ஹை." குப்பையாம்! என் நான்கு மாத உழைப்பு.

15, செவ்வாய்
கெபாசிட்டர் இன்னும் நான்கு சேர்த்தேன். 176. காயிலை மாற்றினேன். 179. நிகில் டீ குடித்தபடி வேடிக்கை. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே எரிகிறது.
வாங்க: தோசை மாவு, கொத்தமல்லி, குடை.
வீட்டில் புலம்பினேன். இவர், "இன்னைக்கும் அவன் புராணமா? மொதல்ல சாப்புடு."

17, வியாழன்
பிடித்துவிட்டேன். போர்டில் குற்றமே இல்லை. ஆசிலோஸ்கோப் புரோபின் கருப்பு எர்த் கம்பி ஒரு சாண் நீளம். சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் அதுதான் இழுத்துக் காட்டியிருக்கிறது. அதைக் கழற்றி, முனையிலேயே குட்டி ஸ்பிரிங் மாட்டி அளந்தேன். 38!
நிகிலிடம் மூச்சு விடவில்லை. நாளை எல்லோர் முன்னாலும்.

18, வெள்ளி
சொன்னேன். ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக: அளக்கவே தெரியாதவரை டெஸ்டிங்கில் வைத்தால் இப்படித்தான். மேனேஜர் சிரித்தார். ப்ராஜெக்ட் எனக்கே. நிகில் முகம் சுண்டிப்போனது. நன்றாக வேண்டும்.

லிஃப்ட் அருகே நிறுத்தி இந்தியில் கேட்டான்: "போன வருடம் என் போர்டையும் நீங்கள் இந்தக் கம்பியில்தானே அளந்தீர்கள்?" அவனுக்கு வயிற்றெரிச்சல்.

19, சனி
அரை நாள். லேபில் யாருமில்லை. பழைய ரிப்போர்ட்டைத் திறந்தேன். இதே வேலைக்கு நிகில் செய்த போர்டு. ரிப்பிள் 140. நிராகரிப்பு. கீழே, அளந்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து. அதன் பிறகுதான் அவனை டிசைனிலிருந்து டெஸ்டிங்குக்குத் தள்ளினார்கள்.
போட்டோவில் புரோபைப் பிடித்த கையில் என் வளையல். தொங்குவது அதே கருப்புக் கம்பி.

அவன் போர்டு ஸ்கிராப் ரேக்கில் கிடந்தது. தூசி தட்டி, ஸ்பிரிங் மாட்டி அளந்தேன். இப்போதும் அவனைப் பிடிக்கவில்லை.
31.