கோபிஷாவின் முழங்கால்

செப்டெம்பர் 2, செவ்வாய்

விடியவே முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரம் கல்லூரியில் வகுப்பு, அதற்குப் பிறகு பயிற்சி. தாதியர் படிப்பின் கடைசி வருடம் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் இதோடு சேர்த்துக் கூடைப்பந்து விளையாடவில்லை.

லீக்கின் முதல் ஆட்டம் 27ஆம் திகதி சனிக்கிழமை, எங்கள் மண்டபத்திலேயே, வின்டர்தூர் அணியோடு. பயிற்சியாளர் உர்சினா திகதியைப் பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்துக் கத்தினார். "நிலோ, ஓடு! ஏன் நிற்கிறாய்?"

ஏன் நிற்கிறேன் என்று என் கால்களைத்தான் கேட்க வேண்டும். சுவிஸுக்கு வருமுன், பதினொரு வயது வரை, மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் நான் விளையாடியது வலைப்பந்து. அதில் பந்தோடு ஓட முடியாது. பிடித்த இடத்தில் நின்று, பார்த்து, எறிய வேண்டும். கூடைப்பந்தில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். மூளைக்கு இது தெரியும். கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பந்து கைக்கு வந்ததும் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கணம்தான், ஆனால் அதற்குள் எதிராளி வந்து விழுந்துவிடுவாள்.

ஆகவே பந்தை முன்னே கொண்டுபோகிறவள் கோபிஷா. அவளுக்குக் களைத்தால் நான். கோபிஷா களைப்பதில்லை. மூன்றாவது வருடமாக நான் ஆட்டக்களத்தின் ஓரத்தில் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருக்கிறேன். தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச இந்த லீக்கில் ஆளில்லை.

செப்டெம்பர் 4, வியாழன்

பயிற்சி முடிந்து கோபிஷாவும் நானும் ஒன்றாகத்தான் ரயிலில் வருவோம். ஓர்லிகோனில் எங்கள் இரண்டு வீடும் ஒரே தெரு. எதிர் இருக்கையில் இருந்துகொண்டு காலைத் தூக்கி என் மடியில் போடுவது அவள் பழக்கம். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போடுவாள், அந்த மரியாதை இருக்கிறது. இருபது வயது. இங்கே பிறந்தவள், அதே கல்லூரியில் தாதியர் படிப்பின் முதல் வருடம். என்னை அக்கா என்று கூப்பிடுவதால் தனக்குச் சலுகை உண்டு என்று நினைப்பு.

இன்று காலைத் தூக்கும்போது முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி?"

"ஒண்டுமில்லை அக்கா. கால் பிடிச்சிட்டுது."

செப்டெம்பர் 9, செவ்வாய்

ஒன்றுமில்லாமல் இல்லை.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் போன பிறகு பார்த்தேன். ஒரு கையால் முழங்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலால் முழங்கால் சில்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். முதலாம் வருடத்தில் படிப்பித்தார்கள். அவளுடைய சில்லு கீழே போய் இடித்துவிட்டு மிதந்து மேலே வந்தது. உள்ளே நீர். நன்றாகவே.

"எப்பேலையிருந்து?"

"ஓகஸ்ட்."

"ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு."

டொக்டரிடம் போனால் விளையாட விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆட்டத்துக்கு அப்பா வருகிறாராம். இரத்தினம் அங்கிளுக்கு உணவகத்தில் சமையல் வேலை. சனி, ஞாயிறுதான் அங்கே அடுப்பு அணையாமல் எரியும் நாட்கள். இவள் சின்ன வயதிலிருந்து விளையாடுகிறாள், அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. 27ஆம் திகதிக்கு முதல்முறையாக லீவு கேட்டு எடுத்திருக்கிறார்.

"ஆட்டம் முடியட்டும் அக்கா. திங்கட்கிழமையே நான் டொக்டரிட்டைப் போறன். சத்தியமா."

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

செப்டெம்பர் 10, புதன்

அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் எடுத்தால் தாய் ஜெயகௌரி அன்ரி ஏன் என்று கேட்பா. அதனால் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பொதி அவளுடைய முழங்காலுக்குப் போய்விட்டது.

அம்மா தேடினா. "உதுக்குள்ளை இருந்த பட்டாணி எங்கை?"

"சமைச்சிட்டன்."

"ஆர், நீயோ?"

செப்டெம்பர் 13, சனி

வேலை முடிந்து வரும்போது தமிழ்க்கடையில் இரத்தினம் அங்கிள். கையில் புதுச் சட்டை வாங்கிய பை. ஆட்டத்துக்குப் போடத்தானாம்! சாப்பிட ரோல்ஸும் பொரித்துக் கொண்டுவருவாராம், இரண்டு அணிக்கும். வின்டர்தூர்க்காரிகளுக்கு எதற்கு என்று கேட்டேன். "அதுகளும் பிள்ளையள்தானே" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு உந்த விளையாட்டு ஒரு துண்டும் விளங்காது பிள்ளை. நீர் சும்மாதானே இருப்பீர். எனக்குப் பக்கத்திலை இருந்து சொல்லித் தாருமன்."

சும்மாதானே இருப்பீர். மனுஷன் நல்லவர், ஒரு துளி கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் வலித்தது. சரி அங்கிள் என்றேன். பால் வாங்கப் போனவள் வாங்காமலே வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

இடது பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் எல்லாம் கோபிஷா வலது பக்கம் திரும்புகிறாள். உர்சினா அதைப் புதுத் தந்திரம் என்று நினைத்து மெச்சுகிறார். வாங்கில் இருந்து பார்ப்பவளுக்குத்தான் தெரிகிறது. பயிற்சிக்கு முன் வலிக்குளிசை போட்டாள், பாதியில் தண்ணீர் குடிக்க வந்தபோது இன்னொன்று. போத்தலை எடுத்துக் கொடுத்தது நான்.

தாதியாம் நான்.

செப்டெம்பர் 18, வியாழன்

நித்திரை வரவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன்.

சொல்ல வேண்டும், அது தெரியும். இந்தக் காலோடு முழு ஆட்டம் ஓடினால் உள்ளே என்ன கிழியுமோ. இருபது வயது. வாழ்நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கப்போகிற கால்.

ஆனால் நான் சொன்னால் அவளுடைய இடம் எனக்கு வரும்.

அவளுடைய முழங்காலை நான் அழுத்திப் பார்த்த அன்று, சில்லு மிதந்தபோது, எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'அப்படியென்றால் 27ஆம் திகதி விளையாடுவது நான்' என்பதுதான். கண் வெட்டுகிற நேரம்தான். ஆனால் வந்தது. சீ. மூன்று வருடம் வாங்கில் இருந்தால் ஒருத்தி இப்படியா ஆவாள்? இப்போது நான் சொன்னால் அது அவளுக்காகவா, எனக்காகவா? சொல்லாமல் விட்டால் — 'பார், நான் பொறாமைக்காரி இல்லை' என்று காட்டவா? அதற்கு அவளுடைய கால் விலையா?

நாளை விடியவே வேலை. படுக்க வேண்டும்.

செப்டெம்பர் 20, சனி

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சந்தித்து நேராகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்குள் நீ உர்சினாவிடம் சொல், இல்லையென்றால் நான் சொல்வேன்.

முதலில் சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு கெஞ்சினாள். பிறகு அந்த முகம் மாறியது.

"உங்களுக்கு விளையாடோணும் எண்டால் நேராச் சொல்லுங்கோவன். ஏன் என்ரை காலைச் சாட்டுறீங்கள்?"

முழுப் பொய் என்றால் கோபமாவது வந்திருக்கும்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

அழுதேன். களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கோபிஷா பயிற்சி தொடங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்காமலே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் உர்சினாவை உபகரண அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன். ஓகஸ்ட், வீக்கம், குளிசை, எல்லாம். கடைசியில், வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்: அவளுக்குப் பதிலாக நான் இறங்கமாட்டேன், வேறு யாரையாவது போடுங்கள்.

உர்சினா கேட்டார்: "வேறு யாரை? நாற்பத்தாறு வயதில் நான் இறங்கவா?" பிறகு, ஜேர்மன் மொழியில் அவர் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும், மெதுவாகவே சொன்னார். "நீ நல்லவள் என்று காட்டுவதற்கு என் அணியில் இடமில்லை, நிலோ. சனிக்கிழமை நீ விளையாடுகிறாய்."

வெளியே போய்க் கோபிஷாவை இருக்கச் சொல்லி முழங்காலைத் தானே பார்த்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இவ்வளவு நாளும் இதைக் காணாமல் விட்டேனே என்று அவர் தன்னையே திட்டியது எல்லோருக்கும் கேட்டது.

கோபிஷா பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது நின்றாள்.

"இப்ப சந்தோஷமோ, நிலோஜினி?"

அவள் வாயில் என் முழுப் பெயரை இன்றுதான் கேட்டேன். அக்கா இல்லாமல் அது வேறு யாருடைய பெயரோ போல இருந்தது.

ரயிலில் அவள் வேறு பெட்டியில் ஏறினாள்.

செப்டெம்பர் 25, வியாழன்

கடைசிப் பயிற்சி. கோபிஷா வரவில்லை. டொக்டர் பார்த்தாராம், ஸ்கேன் திங்கட்கிழமையாம். உர்சினா வழியாகத்தான் தெரியும்.

பந்தை என் கையில் தந்தார்கள். தட்டினேன், ஓடினேன், பறிகொடுத்தேன். மறுபடியும். மறுபடியும். உர்சினா விசிலை ஊதி எல்லோரையும் கூப்பிட்டார். ஓடு என்று கத்தப்போகிறார் என்று நின்றேன்.

"மூன்று வருடம் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாளில் நீ மாறப்போவதில்லை. நிற்கிறாய் என்றால் நில். மற்ற நான்கு பேரும் ஓடுங்கள்."

நான் நின்று பார்த்தேன், அவர்கள் வெட்டி வெட்டி ஓடினார்கள், யாருக்கு வழி கிடைத்ததோ அவளுக்கு எறிந்தேன். சில நேரம் அழகாக வந்தது. பல நேரம் யாருமில்லாத சுவருக்கு எறிந்தேன். மண்டபத்தைப் பூட்டும் அப்வார்ட் வந்து விளக்கை அணைத்துக் காட்டும்வரை செய்தோம்.

ரயிலில் வரும்போது மடி வெறுமையாக இருந்தது. பையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 26, வெள்ளி

அம்மா என் அணிச் சட்டையை அயன் பண்ணி வைத்திருக்கிறா. "உதை ஆரும் அயன் பண்ணுவினமோ அம்மா?" என்றேன். "இந்த முறை விளையாட விடுவினம்தானே?" என்றா. ஓம் என்றேன். எவ்வளவு காலமாக அந்தக் கேள்வியைக் கேட்காமல் அடக்கி வைத்திருந்தாவோ.

செப்டெம்பர் 28, ஞாயிறு

நேற்று எழுதக் கை வரவில்லை.

தோற்றோம். 47க்கு 51. காலையில் வேலை செய்துவிட்டு அப்படியே மண்டபத்துக்குப் போனேன். முதல் கால்பகுதியில் பந்தை எத்தனை தரம் பறிகொடுத்தேன் என்று எண்ண விருப்பமில்லை. உர்சினா என்னை வெளியே எடுப்பார் என்று ஒவ்வொரு தரமும் வாங்கைப் பார்த்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன், அப்படி ஒரு அலுப்பு.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்புதான் பார்வையாளர் பக்கம் கண் போனது. இரத்தினம் அங்கிள் புதுச் சட்டையோடு நிமிர்ந்து இருந்தார். மகள் விளையாடவில்லை என்று தெரிந்தும் வந்திருந்தார். பக்கத்தில் கோபிஷா, காலைக் கட்டி நீட்டியபடி, கையில் ஊன்றுகோல். அவர் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆட்டம் முழுக்கச் சொன்னாள். நான் அங்கிளுக்குச் சொல்லித்தர வேண்டியது எல்லாம் அவள் சொன்னாள். என்னை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் நின்றேன். கால் ஒட்டினால் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன். பார்த்து எறிந்தேன். பன்னிரண்டு புள்ளி பின்னால் இருந்தவர்கள் நான்கு வரை வந்தோம். அதற்கு மேல் ஒருத்தர் காலிலும் உயிர் இல்லை.

முடிந்த பிறகு அங்கிள் ரோல்ஸ் பெட்டியோடு வந்தார். வின்டர்தூர்க்காரிகள்தான் முதலில் பாய்ந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்பதா, எதற்குக் கேட்பது என்று தெரியாமல், "லீவை வீணாக்கிப் போட்டன் அங்கிள்" என்றேன்.

"என்ன வீண்? முழுக்கப் பாத்தன். எல்லாம் விளங்கினது. இவள் சொல்லித் தந்தவள்." ஒரு ரோல்ஸை என் கையில் வைத்தார். "நீர் பந்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, எனக்கு ஐயோ எண்டு இருந்தது. ஏனடி இந்தப் பிள்ளை பயந்துபோய் நிக்குது எண்டு கேட்டன். 'அப்பா, நிலோ அக்கா பயந்து நிக்கேல்லை. ஆர் ஓடுகினம் எண்டு பாக்கிறா. பொறுத்துப் பாருங்கோ' எண்டவள்."

திரும்பினேன். கோபிஷா வாசலில் ஊன்றுகோலோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதில் 'அக்கா' அவள் சொன்னதா, அங்கிள் மரியாதைக்குச் சேர்த்ததா? கேட்கவில்லை. இப்போது மட்டும் நூறு தரம் யோசிக்கிறேன்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. நவம்பரில் சத்திரசிகிச்சை, இந்தப் பருவம் முழுக்க விளையாட முடியாது. சனிக்கிழமை விளையாடியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமா என்று டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். 'நீ செய்தது சரி' என்று யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன் போல. ஒருவரும் சொல்லப்போவதில்லை. சரி.

பயிற்சிக்குக் கோபிஷா வந்தாள். வாங்கில், நான் வழக்கமாக இருக்கும் மூலையில் இருந்தாள். தண்ணீர்ப் போத்தலை எனக்கு நீட்டினாள். மூடியைத் திறந்தே நீட்டினாள்.

ரயிலில் நான் முதலில் ஏறி இருந்துவிட்டேன். அவள் ஊன்றுகோலைச் சத்தமாக இழுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்துப் பெட்டிக்குப் போவாள் என்று நினைத்தேன். எதிர் இருக்கையில் இருந்தாள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை என் பக்கம் நீட்டினாள். ஷூவோடு. குனிந்து கழற்ற அவளால் முடியாது.

நான் நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஓர்லிகோன் வரும்வரை அது அங்கேயே இருந்தது.